சூட்டுக்கண்ணாடி

சுட்டு இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. சுடப்பட்டவன் உயிரோடு இருந்தான். கோவையிலிருந்து வரும் வழி முழுக்க அந்த ஒரு செய்தியைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் பெயர் ஜெயசீலன். சோளக்காடுகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற பையன். நேற்றுக் காலை புளியங்கொட்டாயில் ஒரு மக்காச்சோளக் காட்டு ஓரம் நின்றிருந்தவனை, காட்டுப்பன்றி என்று நினைத்து மாதையன் என்பவர் சுட்டுவிட்டார். குண்டு கெண்டைக்காலில் பாய்ந்திருந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

மாதையனின் துப்பாக்கி மேல் இருந்தது எங்கள் கம்பெனியின் குறிபார்க்கும் கண்ணாடி. நான் படித்தது இயற்பியல். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு விசைப்பூட்டு உண்டு. எது ஆள், எது பன்றி என்று அதற்குப் படம் காட்டிப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஜீப் ஓட்டிய தங்கராசண்ணன் பாலக்கோடு தாண்டியதும் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, சூட்டப் பாக்கற கண்ணாடின்னா ராத்திரிக்குத்தானுங்க? பகல்ல வெறுங்கண்ணே போதுமே?"

"ராத்திரி சுடக் கூடாதுன்னு தடை வந்துருச்சுல்லண்ணா. காவலுக்குப் படுத்திருந்தவங்களையே சுட்டுட்டாங்கன்னு. இப்ப பகல்ல மட்டும்தான் அனுமதி. ஆனா பகல்ல பன்றி சோளத்துக்குள்ள படுத்துக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணாடிக்குத் தெரியுமாக்கும்?"

"பகல்ல மண்ணு, கல்லு எல்லாம் நம்ம உடம்பை விடச் சூடா இருக்கும். பழைய கண்ணாடில பாத்தா எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியும். எங்களுது வெயிலோட சூட்டைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் காட்டும். பகல்ல உயிரோட இருக்கறதுதான் குளிர்ச்சிண்ணா."

"கேக்கவே ஒரு மாதிரி இருக்குதுங்க. சரி, அங்க ஆளு நின்னா?"

"விசை பூட்டிக்கும். தலையோ தோளோ தெரிஞ்சாப் போதும். ரெண்டு கால் மட்டும் தெரிஞ்சாக்கூடப் போதும். எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது."

"நேத்து வெடிச்சுப்போச்சுங்களே."

நல்லவேளையாக ரூபன் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் என் மேலாளர்.

"சுகிர்தா, அடிபட்டவன் போலீஸ்ல வாக்குமூலம் குடுத்திருக்கான். நான் ஒருத்தன்தான் அங்க நின்னேன், வேற யாரும் இல்லன்னு. ஒத்த ஆள் நின்னு பூட்டு திறந்திருந்தா, வித்த கண்ணாடி அத்தனையும் நாம திரும்ப வாங்கணும். கம்பெனிய மூடிட்டுப் போகலாம். பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களான்னு பாரு. இருந்தா எனக்குப் பேர் வேணும்."

"சரி சார்."

"சத்தமாப் பேசும்மா."

"சரி சார்."

புளியங்கொட்டாய் மலையடிவாரத்தில் இருந்தது. வீடுகள் காட்டுக்குக் காடு தள்ளித் தள்ளி நின்றன. எல்லாக் காடுகளையும் சுற்றிப் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். சேலை ஆடினால் பன்றி மிரளுமாம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, ஊரே ஏதோ விசேஷத்துக்குத் தயாரானது போல் இருந்தது. தெருவில் ஆளே இல்லை.

பஞ்சாயத்து ஆபீசில் மின்சாரம் இல்லையென்று, மாதையனின் மோட்டார் ரூமுக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார் ஏட்டு. துணிப்பையில் வைத்து அரக்கு முத்திரை போட்டிருந்தது. கண்ணாடிக்குள் பதிவான படத்தைத் திறக்க அதை வாங்கியவரின் கட்டைவிரல் வேண்டும். அதனால் மாதையனும் அங்கே இருந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். முரடாக இருப்பார் என்று நினைத்து வந்தேன். தொட்டியில் கையைக் கழுவி, துண்டில் விரலைத் துடைத்துவிட்டு, கண்ணாடிக்கு வலிக்குமோ என்பது போல மெல்ல வைத்தார்.

"கேஸ் விபத்துன்னுதான் போட்டிருக்கு," என்றார் ஏட்டு என்னிடம். "லைசென்ஸ் இருக்குது, வனத்துறை அனுமதி இருக்குது. உங்க மெஷின் என்னா சொல்லுதுன்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிது. ஏம்பா மாதையா, கூப்புட்டதான?"

"மூணு தடவ கூப்புட்டன் சார். காட்டுல யாருன்னு. பதிலே இல்ல. ஆளா இருந்தா ஆளுன்னு சொல்லணுமில்ல?"

ஏட்டு எனக்கு விளக்கினார். "இங்க அது ஒரு வழக்கம்மா. சுடறதுக்கு முன்னால காட்டப் பாத்து மூணு தடவ கூப்புடணும். உள்ள மனுசன் இருந்தா ஆளு, ஆளுன்னு கத்துவான். உங்க மெஷின் வந்த பின்னால ஒருத்தனும் கூப்புடறதில்ல. சத்தம் கேட்டா பன்னி ஓடிடுதாம். பூட்டு இருக்கறப்ப வாய் எதுக்குன்றானுங்க. இவன் ஒருத்தன்தான் இன்னும் கூப்புட்டுக்கினு கெடக்கறான்."

"மெஷினுக்குக் காது இல்லியே சார்," என்றார் மாதையன்.

ஏட்டு சிரித்தார். தங்கராசண்ணனைப் பார்த்து, "ஏம்பா டிரைவரு, கோயமுத்தூர்ப் பக்கம் பன்னியெல்லாம் கெடையாதா?" என்றார்.

"எங்கூர்ல யானைங்க. அதச் சுட்டா நம்மளச் சுட்டுருவாங்க."

இருவரும் டீ குடிக்கப் போனார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

மாதையன் எனக்கு எதிரே உர மூட்டை மேல் உட்கார்ந்தார். லேப்டாப்பின் முதுகுதான் அவருக்குத் தெரியும். படத்தை ஓடவிட்டேன்.

சோளக்காடு. காட்டு ஓரம் இரண்டு வரிசையாகச் சேலைகள், ஒன்றின் கீழ் ஒன்று. சேலைக்குப் பின்னால் இருப்பதன் சூடு கண்ணாடிக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் தெரியாதது போலத்தான். ஓர் இடத்தில் மட்டும் கீழ்வரிசைச் சேலையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தது. குழாய் இழுப்பதற்காக ஜெயசீலன் கட்டியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில், மேல்சேலைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழான கால்கள் தெரிந்தன.

நான்கு கால்கள். நெருக்கமாக.

தலை இல்லை. தோள் இல்லை. நீளமாக இழுத்துக் கட்டிய ஒரு சேலை, அதற்குக் கீழே நான்கு கால். கண்ணாடிக்கு அந்தச் சேலையே உடம்பாகிவிட்டது. படத்தின் மூலையில் பன்றி என்று எழுத்து வந்தது. பூட்டு திறந்தது.

அதற்கு நாங்கள் ஆயிரக்கணக்கில் படம் காட்டியிருந்தோம். ஒன்றில்கூடச் சேலை வேலி இல்லை. எங்களில் யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

ரூபன் சார் கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஜெயசீலன் யாரையோ மறைக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் போகும் நிலையில் கிடந்துகொண்டு ஒருவன் இன்னொருவரை மறைக்கிறான் என்றால் என்ன காரணம் இருக்கும் என்று யோசித்தேன். இந்தப் பக்கத்தில் அதற்கு அதிகக் காரணங்கள் கிடையாது.

படத்தை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தேன். வலது பக்கம் இருந்த இரண்டு கால்களின் கணுக்காலிலும் மெல்லிய கறுப்பு வளையம் இருந்தது. வெள்ளிக்குத் தன் சூட்டைக் காட்டத் தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடி போல எதிரில் இருப்பதைத்தான் காட்டும். அந்த வளையங்கள் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. படம் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு குளிர்ந்த இடம் வேறு இல்லை.

கொலுசு.

பிறகுதான் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். துப்பாக்கி எங்கே குறி வைத்திருக்கிறது என்பதை அந்தப் புள்ளி காட்டும். அதன் ஓட்டமும் பதிவாகும். திரும்ப ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன்.

புள்ளி சேலை மேல் வந்தது. கால்களுக்கு இறங்கியது. வலது பக்கம் போய் நின்றது. அங்கே படம் பெரிதானது. என் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை. நேற்று யாரோ அழுத்தியது அது. கறுப்பு வளையங்கள் திரையை நிறைத்தன. அவற்றின் சிறு மணிகள்கூடத் தெரிந்தன. புள்ளி அங்கேயே நின்றது. லேசாக நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. படம் பழையபடி சிறிதானது. புள்ளி இடது பக்கம் நகர்ந்தது.

அதற்கப்புறம் படம் ஒருமுறை குலுங்கியது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மனதுக்குள்கூட வார்த்தையாக வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. முகத்தில் ஏதும் தெரியக் கூடாது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை சில்லிட்டுவிட்டது. இப்போது எந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாலும் நன்றாகத் தெரிவேன் என்று தோன்றியது.

"என்னா தெரியுது மேடம்?"

"பன்றின்னுதாங்க வருது."

"எத்தினி பேருன்னு சொல்லுதா?"

எத்தனை பன்றி என்று அவர் கேட்கவில்லை.

"அது... ஆபீஸ்ல போய்தாங்க பாக்கணும்."

"நல்லாப் பாருங்க." அவர் திரும்பி வெளியே குரல் கொடுத்தார். "கௌசி! மேடம் வந்து எந்நேரமாவுது, மோர் கொண்டா."

ஒரு பெண் சொம்போடு வந்தாள். கல்லூரிக்குப் போகிற வயது. கண் வீங்கியிருந்தது.

"எந் தங்கச்சி," என்றார் மாதையன்.

சொம்பை வாங்கும்போது நான் கீழே பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். அவள் கணுக்காலில் வெயில் படாத வெளுத்த கோடு சுற்றியிருந்தது. ஒரு காலில் திருகைக் கழற்றாமல் இழுத்ததில் தோல் உரிந்திருந்தது.

நிமிர்ந்தபோது மாதையன் என் கண் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொலுசு எங்கடி?" என்றார் தங்கையிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அறுந்துபோச்சுண்ணா."

"சொல்லமாட்டியா? நாளைக்கு வேற வாங்கித் தரன்." பிறகு, "சாயங்காலம் மேக்காட்டுக்கு மருந்தடிக்கப் போவணும். நீயும் வா. அம்மாவ எழுப்பாத, அது தூங்கட்டும். நாம ரெண்டு பேரு போதும்."

"சரிண்ணா."

அவள் போய்விட்டாள். மோட்டாருக்குக் கீழே புது மருந்து பாட்டில் இருந்தது. மூடி திறக்காதது. மருந்தடிக்கிற தெளிப்பான் சுவரில் தொங்கியது. அதன் குழாய் பாதியில் வெடித்திருந்தது. வாய்ப்பகுதியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

மோர் முழுவதையும் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பென் டிரைவில் ஏற்றி முடித்தேன். ஜீப் சத்தம் கேட்டபோது எழுந்தே விட்டேன். ஏட்டு உள்ளே வந்தார். அவரிடம் சொல்லிவிடலாம். தனியாக வெளியே கூப்பிட்டு இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, பன்னிதான?"

"மெஷின் பன்றின்னுதான் சொல்லியிருக்குங்க சார். ஆனா, ஒரு நிமிஷம் வெளிய..."

"அவ்ளோதான் வேணும்." அவர் பையைக் கட்டி முத்திரை வைத்தார். மாதையனின் தோளில் தட்டினார். "வுடு மாப்ள, நல்லதே நடக்கும். அத்தைய கேட்டன்னு சொல்லு. நான் வரன்."

மாப்ள. என் இரண்டு வாக்கியமும் உள்ளேயே நின்றுவிட்டன.

"ஏதோ சொல்ல வந்தியேம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. கையெழுத்து எங்க போடணும்?"

ஏட்டு தன் பைக்கில் முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்னால் கிளம்பினோம். ரூபன் சாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'ரெண்டாவது ஆள் பேர் கிடைச்சுதா?' போனைக் கவிழ்த்து வைத்தேன். பேரைக் கொடுத்தால் இன்று இரவே அது எல்லா டிவியிலும் வரும். கொடுக்காவிட்டால் சாயங்காலம் ஒரு பெண் மருந்து குடித்துவிட்டாள் என்று நாளைக்கு நாலு வரிச் செய்தி வரும். குற்ற உணர்ச்சியில் செய்துகொண்டாள் என்றுகூட எழுதமாட்டார்கள். வயிற்றுவலி என்று எழுதுவார்கள்.

ஊர் முடிகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அங்கே கௌசி குடத்தோடு நின்றிருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணா, நிறுத்துங்க."

"என்னங்க அம்மிணி?"

"நிறுத்துங்கண்ணா. இஞ்சினை அணைக்க வேண்டாம்."

இறங்கிப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"கௌசி, நீ வண்டில ஏறு."

"எங்கக்கா?"

"தருமபுரிக்கு. ஜெயசீலன்கிட்ட."

அவள் முகம் அப்படியே வெளுத்தது. பிறகு என் கையைப் பிடித்தாள். ஈரக்கை.

"அக்கா, உங்க மெஷின்ல நான் தெரியறனா? சொல்லிடாதீங்கக்கா. அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அவனுக்குத் தெரியாது."

"ஏறு. வழியில பேசிக்கலாம்."

"அவனுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா நேத்தே வெட்டிப் போட்டிருப்பான். சாப்புட்டியான்னு கேக்கறான், கொலுசு வாங்கித் தரன்றான். நீங்களே கேட்டீங்கல்ல? எங்க மேலதான் தப்பு. அண்ணன் கூப்புட்டான். காட்டுல யாருன்னு கூப்புட்டான். அவன் குரல் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஜெயா வாயத் தொறந்தாரு, நாந்தான் பொத்திட்டன். சொன்னா யாருன்னு வந்து பாப்பான்ல? அதான் அவரு காலோட கால் ஒட்டிக்கினு நின்னன்." அவள் அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. "நான் பொத்தினதாலதான் அவருக்கு கால் போவுது. அண்ணன் என்னா பண்ணுவான்? பன்னின்னு நெனச்சான். ஆளுன்னு தெரிஞ்சா சுட்டிருப்பானா?"

"எத்தனை தடவை கூப்பிட்டார்?"

"ரெண்டு தடவ. மூணாவது கூப்புடுவான், அந்தச் சத்தத்துல சோளத்துக்குள்ள ஓடிடலாம்னு பாத்துக்கினே இருந்தோம். மூணாவது கூப்புடவே இல்ல."

"ரெண்டாவதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ரொம்ப நேரம். அவன் போய்ட்டான்னு நெனச்சோம். ஜெயா சிரிச்சாருக்கா. போய்ட்டான் போலன்னு சொல்லிச் சிரிச்சாரு."

மாதையன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கௌசி திரும்பிப் பார்த்தாள். பயமில்லாமல் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணன்தான் வரான். மருந்தடிக்கப் போவணும். நான் போறன்க்கா. ஜெயாவப் பாத்தா நல்லாருக்கன்னு சொல்லுங்க." குடத்தை இடுப்பில் தூக்கினாள்.

சேலை வேலிகளுக்கு அப்பால் செம்மண் புழுதி எழும்பிக்கொண்டே வந்தது. தங்கராசண்ணன் வண்டியை உறுமவிட்டார். நான் அவள் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. படிக்கிற காலத்தில் எனக்கு வகுப்பில் எழுந்து பேர் சொல்லவே குரல் வராது. வாயைத் திறந்தபோது எதுவும் வரவில்லை. இன்னொரு முறை திறந்தேன்.

"கௌசி, உங்கண்ணன் மூணாவது தடவை கூப்பிடாம உன் கொலுசைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. பெருசாக்கி, நல்லாப் பாத்தாரு. அப்புறம்தான் கொலுசு இல்லாத காலைச் சுட்டாரு."